பூங்காவுக்கும் ஓவியத்துக்கும் நடுவே ஒரு பூட்டு

பெங்களூருவில் ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் கப்பன் பூங்கா களைகட்டிவிடும். அன்றைக்கு உள்சாலைகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்கள், ஓடுபவர்கள், அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு வர சைக்கிள் பழகும் பிள்ளைகள், நாயைக் கையில் பிடித்தபடி வருபவர்கள், மூங்கில் புதர் நிழலில் பாயை விரித்து டிபன் பாக்ஸைத் திறக்கும் குடும்பங்கள் என்று ஊரில் பாதி அங்கே வந்துவிட்டதுபோல் இருக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறும். கூட்டம் கலையும். பூங்காவை ஒட்டிக் கஸ்தூரிபா சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் வெங்கடப்பா ஓவியக்கூடமும் அலுவலக நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. கூட்டம் வீட்டுக்குக் கிளம்பும் வேளையில்தான் அங்கே சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்கும்.

இந்த நேரப் பிசகைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடலாம். ஆனால், நம் ஊர்களில் கலைக்கூடங்கள் ஏன் காற்று வாங்குகின்றன என்ற கேள்விக்கு விடையில் பாதி இதில்தான் இருக்கிறது. “நம் மக்களுக்குக் கலை ரசனை இல்லை” என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. இன்றைக்கு ஓவியம் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று சீட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் எந்த நாட்டிலும் சிறுபான்மைதான். மற்றவர்கள் சும்மா வந்த இடத்தில், வேறு வேலை இல்லாத பொழுதில், கால் போன போக்கில் கலையின் முன்னால் போய் நிற்பவர்கள். அவர்களுடைய ஓய்வுப் பொழுது எங்கே கழிகிறதோ, அங்கேதான் ஓவியமும் சிற்பமும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் திறந்தும் இருக்க வேண்டும். பெங்களூரு இதில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. சென்னை, கையில் இருந்ததைத் தொலைத்துவிட்டு, மிச்சமிருப்பதன் அருமை தெரியாமல் இருக்கிறது.

ஒரே கை போட்ட கோடு

கப்பன் பூங்கா 1870-ல் உருவானது. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி அதை அமைத்தார். முதலில் மீட்ஸ் பார்க், பிறகு நீண்ட காலம் ஆணையராக இருந்த மார்க் கப்பனின் பெயர், 1927 முதல் அரசு ஏடுகளில் சாமராஜேந்திர பூங்கா. பெயர் எப்படி மாறினாலும் ஊர் வாயில் அது கப்பன் பார்க்தான். தொடக்கத்தில் 100 ஏக்கர். பின்னர் விரிந்து சுமார் 300 ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

பூங்காவை அமைத்த அதே சாங்கிதான் அதன் ஓரத்தில் நிற்கும் அருங்காட்சியகக் கட்டடத்தையும் வடிவமைத்தார். 1865-ல் வேறிடத்தில் தொடங்கிய அருங்காட்சியகம், 1877-ல் எழுந்த இந்தச் செந்நிறக் கட்டடத்துக்குக் குடிவந்தது. மரங்களையும் கலையையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. பூங்காவில் உலாவுபவர் அப்படியே அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, பார்த்துவிட்டு மறுபடியும் மரத்தடிக்கு வர வேண்டும் என்பதே அந்த வரைபடத்தின் உட்பொருள். பிறகு 1915-ல் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் நூலகம் வந்தது. 1960-களில் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் 1970-களில் வெங்கடப்பா ஓவியக்கூடமும் சேர்ந்துகொண்டன. 2023-ல் அதே கஸ்தூரிபா சாலையின் எதிர்ப்புறம் கலைக்கும் ஒளிப்படத்துக்குமான தனியார் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. நடந்தே சுற்றிவிடக்கூடிய வட்டத்துக்குள் இத்தனை கூடங்கள் அமைவது இந்திய நகரங்களில் அரிது.

காளி என்ற நாயின் கல்

அந்தச் செந்நிறக் கட்டடத்தின் சேகரிப்பில் ஒரு நடுகல் இருக்கிறது. மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்தது, காலம் பொ.ஆ. 949-50. கல்லில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் ஒன்றையொன்று எதிர்த்து மோதுகின்றன. அவற்றைச் சுற்றிப் பழங்கன்னட எழுத்துகள். கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன், போரில் காட்டிய தீரத்துக்குப் பரிசாகப் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் ஒரு பெரிய பன்றியோடு மோதி, அதைக் கொன்று தானும் செத்தது. அதற்காக எடுத்த கல் இது. கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விடப்பட்டது.

அதே கல்லில் தமிழக வரலாற்றின் ஒரு பெரிய சோகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மணலேரன் தீரம் காட்டிய அந்தப் போர் தக்கோலப் போர். முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே உயிர்விட்ட போர். ‘யானைமேல் துஞ்சின தேவர்’ என்று சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடுவது அவனைத்தான். இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் நடந்த அந்த முடிவை, வென்றவர்களின் தரப்பிலிருந்து சொல்லும் சாட்சி இந்த நாய்க்கல். நாய்க்குக் கல் எடுப்பது நமக்கும் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற நாயும் பெயரோடு நிற்கிறது.

கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வார இறுதியில் லாப்ரடார், பீகிள், நாட்டு நாய் என்று எல்லாம் அங்கே கூடிவிடும். அந்த நாய்களின் கயிற்றைப் பிடித்து நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் நினைவுக்கல் இதே வட்டாரத்தில் இருக்கிறதென்று? ‘காளி என்ற நாயின் கல், இந்தப் பக்கம்’ என்று ஒரு பலகை நட்டால் போதும். எந்தப் பாடப்புத்தகமும் செய்யாத வேலையை அது செய்யும். தன் நாயோடு வந்த பத்து வயதுப் பிள்ளை அந்தக் கல்லின் முன் நின்றால், கல்வெட்டு என்பது அதற்குத் தேர்வுக் கேள்வியாக இருக்காது.

ஓவியக்கூடத்துக்கும் இது பொருந்தும். கே.வெங்கடப்பா (1886–1965) மைசூர் அரண்மனை ஓவியர் மரபில் பிறந்து, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர், வீணை வாசித்தவர். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அவர் தீட்டிய நீர்வண்ண நிலக்காட்சிகள் அந்தக் கூடத்தின் பெருமை. மூடுபனி, ஏரி, மலைச்சரிவில் மாறும் வெளிச்சம் ஆகியவற்றை அவர் பிடித்த விதத்தில் பெரும் பொறுமை தெரியும். அந்தப் படங்களைப் பார்க்கச் சிறந்த நேரம், மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வரும் நேரம்தான். நெரிசலில் ஹாரன் சத்தத்தோடு வந்து இறங்கிய கண்ணுக்கு அவை வெறும் பச்சையும் சாம்பலும். இலை அசைவதைப் பார்த்துப் பழகிவந்த கண்ணுக்கு அந்த மூடுபனி விலகிக்கொடுக்கும். பூங்கா கண்ணை நிதானப்படுத்துகிறது. கலைக்கு வேண்டியது அந்த நிதானம்தான்.

காத்தவர்கள் யார்?

கப்பன் பூங்கா தானாகத் தப்பிப் பிழைக்கவில்லை. மையத்தில் இருக்கும் நிலம் என்றால் எல்லாத் துறைகளுக்கும் நாக்கில் நீர் ஊறும். மன்றங்கள், சங்கங்கள், அலுவலகங்கள் என்று கட்டடங்கள் முளைத்தன. 1975-ல் கர்நாடக அரசு, அரசுப் பூங்காக்களைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு புதிய கட்டடத் திட்டத்தையும் எதிர்த்து வழக்குப் போட்டும் கையெழுத்து வாங்கியும் நின்றவர்கள் அங்கே நடக்கப் போகிறவர்கள்தான்.

ஓவியக்கூடமும் அப்படியே. அதைத் தனியார் அறக்கட்டளை ஒன்று தத்தெடுத்துப் புதுப்பிக்கும் ஏற்பாடு வந்தபோது, 2016-ல் ஓவியர்கள் வீதிக்கு வந்தார்கள். வசதியில்லாத இளம் ஓவியர்கள் குறைந்த வாடகையில் முதல் கண்காட்சி வைக்கும் இடம், பொதுச் சொத்து, அதன் குணம் மாறிவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஏற்பாடு நிறைவேறவில்லை. தனியார் பணம் வந்தாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சாலையின் எதிர்ப்புறம் தனியார் அருங்காட்சியகம் ஒன்று நல்லபடி நடக்கிறது. ஆனால், மக்கள் உட்கார்ந்து பழகிய இடத்தின் மீது மக்களுக்கு ஒரு உரிமை பிறந்துவிடுகிறது. அந்த உரிமை உணர்வுதான் எந்தச் சட்டத்தையும்விட வலுவான காவல். உட்காரவே விடாத இடத்துக்காக யாரும் போராட மாட்டார்கள்.

ஓய்வாக உட்காருவதையே சந்தேகத்தோடு பார்க்கும் மனப்பான்மை அங்கும் இல்லாமல் இல்லை. சாப்பிடாதே, படுக்காதே, ஜோடியாக உட்காராதே என்று விசில் ஊதி விரட்டும் காவலர்கள் இந்தியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் பொது. அதையும் மீறிப் புதிய பழக்கங்கள் முளைக்கின்றன. கப்பன் பூங்காவில் சில ஆண்டுகளுக்கு முன் ‘கப்பன் ரீட்ஸ்’ என்று ஒன்று தொடங்கியது. சனிக்கிழமைகளில் பாயோடும் புத்தகத்தோடும் வந்து, யாரோடும் பேசாமல் மரத்தடியில் படித்துவிட்டுப் போவார்கள். உரை இல்லை, மேடை இல்லை, பொன்னாடை இல்லை. அது பல நகரங்களுக்குப் பரவிவிட்டது. ஆண்டுதோறும் ஜனவரியில் அதே ஊரின் குமார கிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தைக்கு, ஓவியங்கள் தெருவோரத்துக்கு வந்த ஒரே காரணத்தால், மக்கள் திரண்டு வருகிறார்கள். ரசனை இல்லாத ஊரில் இது நடக்குமா?

சென்னை தொலைத்தது

பெங்களூரு அருங்காட்சியகம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். அதற்கு முன்பே, 1851-ல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் அவர். 1854-ல் அருங்காட்சியகம் எழும்பூருக்கு வந்தது. அடுத்த ஆண்டே பால்ஃபர் அந்த வளாகத்துக்குள் ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். உயிருள்ள விலங்கைப் பார்க்க வரும் கூட்டம் கல்லையும் செப்பேட்டையும் பார்த்துவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மக்களின் பொழுதுபோக்கைக் கேவலமாக நினைக்காமல், அதையே வாசலாக வைத்துக்கொண்ட அதிகாரி அவர்.

அந்த விலங்குகள் 1863-ல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் திட்டமிடப்பட்ட அந்தப் பூங்கா, சென்ட்ரல் பக்கத்தில் 116 ஏக்கரில், குளங்களும் வண்டிப்பாதைகளும் வாத்திய மேடையுமாக இருந்தது. அதன் நிலத்தில்தான் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு விளையாட்டரங்கம் வந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை வண்டலூரில் புதிதாகத் திறந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அந்தந்தக் காலத்தில் ஒரு நல்ல காரணம் சொல்லப்பட்டது. நல்ல நல்ல காரணங்களால் ஒரு பூங்காவே கரைந்துபோனது. சென்னைக்கு ஒரு கப்பன் பூங்கா இருந்தது என்பதை இன்று சொன்னால்தான் தெரியும்.

எழும்பூரில் என்ன செய்யலாம்?

மிச்சமிருப்பது எழும்பூர் பாந்தியன் சாலை வளாகம். 16 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம். அமராவதிச் சலவைக்கற்கள், திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரி, ரவி வர்மா ஓவியங்கள், பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம், நாடகங்கள் நடக்கும் மியூசியம் தியேட்டர். ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டி, 1909-ல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம்தான் தேசியக் கலைக்கூடமானது. அது பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதை ஊருக்கே தெரியும். மரங்கள் இருக்கின்றன, திறந்தவெளியில் பீரங்கிகளும் கற்சிற்பங்களும் இருக்கின்றன. இல்லாதது, அங்கே சும்மா இருக்கலாம் என்ற அழைப்பு மட்டும்தான்.

வளாகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எழும்பூர் ரயில் நிலையம். தென்மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள் பலவும் மாலையிலும் இரவிலும் புறப்படுபவை. ஆஸ்பத்திரிக்கோ, நேர்காணலுக்கோ, கல்யாணத்துக்கோ வந்து வேலையை முடித்துவிட்டு, வண்டிக்கு நான்கு மணி நேரம் இருக்கிறதே என்று பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் பார்த்திருக்கலாம். சோழர் செப்புத்திருமேனிகள் எந்த ஊர்களிலிருந்து வந்தனவோ, அந்த ஊர்க்காரர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அருங்காட்சியகமோ மாலை ஐந்து மணி வாக்கில் கதவைச் சாத்திவிடுகிறது. வெள்ளிக்கிழமை முழு விடுமுறை. பெட்டியை வைக்க ஒரு அறை, இரவு எட்டு வரை திறந்த கூடம், நிலையத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை: இந்த மூன்றும் இருந்தால் எத்தனை பேர் முதல்முறையாக அந்த நடராசரைப் பார்ப்பார்கள்!

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. வளாகத்தின் தோட்டப் பகுதியைக் காலை ஆறு மணி முதல் பொதுப் பூங்காவாகக் கட்டணமின்றித் திறக்கலாம். சீட்டு, கூடங்களின் வாசலில் மட்டும் இருந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு வரை கூடங்கள் இயங்கட்டும். சனி, ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்கே ஒரு கூடத்தையாவது திறக்கலாம். நிழலில் பெஞ்சு, குடிநீர், சுத்தமான கழிப்பறை, நியாய விலையில் டீயும் சுண்டலும் வேண்டும். சிற்பங்களுக்குப் பக்கத்தில், துறைசார் சொற்களை அடுக்காமல் கதை சொல்லும் தமிழில் விளக்கப் பலகைகள் வேண்டும். 1850-ல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி அதிக தூரத்தில் இல்லை. மாணவர்கள் வார இறுதியில் வந்து மரத்தடியில் உட்கார்ந்து வரையட்டும். ஒருவர் வரைவதை நின்று பார்ப்பதைவிட நல்ல ஓவியப் பாடம் குழந்தைகளுக்கு வேறு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வளாகத்தில் இனி ஒரு புதிய கட்டடமும் எழக் கூடாது.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விலைமதிப்பற்றவை பூட்டிய கூடங்களுக்குள்தான் இருக்கின்றன. அங்கே காவல் இன்னும் கூடட்டும். வெளியில் நிற்கும் கற்சிற்பங்களில் பெயர் கிறுக்குவார்களே என்றால், ஆளில்லாத இடத்தில்தான் கிறுக்கல் அதிகம். பத்து பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆணியை எடுக்கக் கை கூசும். காதலர்கள் வந்துவிடுவார்களே என்றால், வரட்டும். நூறு ஜோடிகளில் ஒன்று அர்த்தநாரியைப் பார்த்துவிட்டுப் போனாலும் லாபம்தான்.

மக்களுக்குக் கலை பிடிக்குமா என்ற சந்தேகம் இன்னும் இருப்பவர்கள் மெரினாவுக்குப் போகலாம். தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-லிருந்து அங்கே நிற்கிறது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் செய்த, உலகத்தரமான நவீனச் சிற்பம். அதற்குச் சீட்டு இல்லை, விடுமுறை நாள் இல்லை, பூட்டு இல்லை. கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள்தான் அதைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், தங்கள் சிலையாக்கிக்கொண்டார்கள். பஞ்சுமிட்டாய் வாங்க வந்த குழந்தை பாறையை நெம்பும் அந்த நான்கு உடல்களையும் அண்ணாந்து பார்க்கிறது. கலை ரசனை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கலை பண்பாட்டுத் துறையும் அருங்காட்சியகத் துறையும் மாநகராட்சியும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரே கோடையில் இதைச் செய்து முடிக்கலாம். பெரிய நிதி தேவையில்லை. நேரத்தை மாற்றி எழுதும் ஒரு அரசாணையும், வளாகத்தின் கேட்டைக் காலை ஆறு மணிக்குத் திறக்க ஒரு ஆளும் போதும். முதல் வேலையாக அந்த அரசாணையைப் போடுங்கள்.